பிடியைச் செதுக்கியவர்

சிவப்பிரகாசத்தைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவருடைய சுத்தத்தைத்தான். கல்பாக்கத்துக் கட்டுமானத்தில் வரைபடம் போடுகிற வேலை அவருக்கு. வீடு செங்கல்பட்டில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால், முன்சீட்டுக் கம்பியைக் கைக்குட்டையால் துடைத்த பிறகுதான் அதில் கை வைப்பார். பென்சில் சீவினால் அந்தச் சீவலைக் காகிதத்தில் மடித்துக் கூடையில் போடுவார். சுத்தமான கை தப்பு செய்யாது என்பது நம் ஊரில் பலருக்கும் இருக்கிற நம்பிக்கை. கொளவாய் ரைபிள் கிளப்காரர்களும் அதை நம்பித்தான் தங்களிடம் இருந்த ஒரே நல்ல கைத்துப்பாக்கியை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

கிளப் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏரிக்கு அந்தப் பக்கம், கல் உடைத்துக் கைவிட்ட ஒரு குன்று. அதன் அடியில் கொட்டி உயர்த்திய மண்மேடு. எதிரே ஒரு கீற்றுக் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் கூடி, காகிதத்தில் அச்சடித்த கறுப்பு வட்டத்தைச் சுடுவார்கள். சுட்டு முடித்து இட்லி சாப்பிட்டுவிட்டுக் கலைவார்கள். செயலாளர் வக்கீல் கேசவன். அவருக்குச் சுடுவதைவிடச் சுடுவதைப் பற்றிப் பேசுவதில்தான் ஆசை அதிகம். மற்றவர்கள் எல்லாரும் தோளில் வைத்துச் சுடுகிற ரைபிள்காரர்கள். ஒற்றைக் கையை நீட்டிச் சுடுகிற கைத்துப்பாக்கிக்கு நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் சிவப்பிரகாசம், இன்னொருவர் தெய்வநாயகி டீச்சர்.

தெய்வநாயகி பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். சின்ன வயதில் அப்பாவோடு நின்று கரைவலை இழுத்த தோள், காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது அந்தத் தோளுக்கு வேறு வேலை கிடைத்தது. கையை நீட்டினாள் என்றால் கொடிக்கம்பம் மாதிரி நிற்கும். சிவப்பிரகாசத்தைவிடப் பத்து வயது சின்னவள், அவரைவிட நன்றாகச் சுடுவாள். இந்த இரண்டாவது விஷயம் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். சிவப்பிரகாசத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

எழுபத்து நான்கில் கிளப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்கினார்கள். அதுவரை இருந்தது, சுடும்போதெல்லாம் சிக்கிக்கொள்கிற ஒரு கிழட்டு ரிவால்வர். வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைப்பது நடக்காத காரியம். நல்லவேளையாக ஏற்காட்டுத் தோட்டத்துரை ஒருவர் சொந்த ஊருக்கே கிளம்புகிறார், அவருடைய துப்பாக்கிகள் மெட்ராசில் ஒரு கடைக்கு விற்பனைக்கு வந்திருக்கின்றன என்று கேசவனுக்குத் தகவல் வந்தது. அனுமதி, லைசென்ஸ் எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொண்டார். பார்த்து எடுக்க மூன்று பேருமாகப் போனார்கள்.

கடைக்காரர் கண்ணாடி மேஜைமேல் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் இருபத்திரண்டு என்று சொல்கிற சின்னத் தோட்டா போடுகிறவை. ஒன்று நிக்கல் முலாம் பூசிப் பளபளவென்று, நீண்ட குழலோடு இருந்தது. இன்னொன்று கறுப்பு. பூச்சு அங்கங்கே தேய்ந்திருந்தது, மரப்பிடி மட்டும் கைக்கு அடக்கமாக இழைத்திருந்தது. கேசவன் கை தன்னால் பளபளப்பிடம் போனது.

"இத்தயே எடுத்துக்கலாம்யா. பார்க்கவே லட்சணமா கீது."

"லட்சணத்த அப்புறம் பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு, சிவப்பிரகாசம் தோள்பையிலிருந்து ஒரு கிலோ எடைக்கல்லையும் கயிற்றையும் எடுத்தார். கடைக்காரர் சிரித்தார். கத்தரிக்காய் வாங்க வந்தவர் கடை மாறி வந்துவிட்டார் என்று நினைத்திருக்கலாம். சிவப்பிரகாசம் கண்டுகொள்ளவில்லை. உள்ளே குண்டு இல்லை என்று திறந்து பார்த்துக்கொண்டு, காலித் தோட்டா ஒன்றைப் போட்டு மூடி, குழலை மேல்நோக்கி நிமிர்த்தி, கல்லைக் கயிற்றில் கட்டி விசையில் மாட்டித் தூக்கினார். கல் மேஜையை விட்டு எழும்புவதற்கு முன்பே பளபளப்பின் விசை டக்கென்று விழுந்துவிட்டது. யாரோ உள்ளே ராவி இளக்கியிருக்கிறார்கள். ஒரு கிலோவைத் தாங்காத விசையைப் போட்டியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதோடு அது எப்போது வெடிக்கும் என்று பிடித்திருப்பவனுக்கே தெரியாது. கறுப்பின் விசை கல்லைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார். குண்டைச் சுழற்றி விடுகிற வரிப்பள்ளங்கள் கூர்மையாக இருந்தன, துருப்புள்ளி ஒன்றுகூட இல்லை.

கடைசிச் சோதனை கைக்கு. கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்த வேண்டும். மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு கண்ணைத் திறந்தால், குழலின் முன்குறியும் பின்குறியும் தாமாக ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நின்றால் அது உன் துப்பாக்கி. நிற்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைத் திருகித்தான் நேராக்க வேண்டும், பத்துத் தடவை சுடுவதற்குள் கை களைத்து நடுங்க ஆரம்பித்துவிடும். சிவப்பிரகாசம் கண்ணைத் திறந்தபோது முன்குறி இடது பக்கம் ஒதுங்கி நின்றது. மறுபடி செய்தார். மறுபடியும் இடதுதான். அவர் கை அகலம், விரல் நீளம். அந்தப் பிடி சின்னது. பிறகு தெய்வநாயகி வாங்கிக் கண்ணை மூடினாள். திறந்தவள் சிரித்துவிட்டாள்.

"நேரா நிக்குது அண்ணா. நான் ஒண்ணுமே பண்ல."

அங்கே சிவப்பிரகாசம் நேர்மையாகத்தான் நடந்துகொண்டார். கறுப்பையே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னது அவர்தான். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் அதிகம் பேசவில்லை. நல்ல காரியம் செய்துவிட்டு, செய்தோமே என்று வயிறெரிகிற மனிதர்கள் உண்டு. அன்று அவர் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்.

துப்பாக்கி கேசவன் வீட்டு இரும்பு அலமாரியில் பூட்டி இருக்கும். அதைத் துடைத்துப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு சிவப்பிரகாசத்துக்கு. இரும்பை உப்புக்காற்று என்ன பாடு படுத்தும் என்று கல்பாக்கத்தில் தினமும் பார்க்கிறவர் அவர். கைவேர்வையும் உப்புதானே என்பார். சுட்டு முடித்த அன்றே கேசவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து, பழைய வேட்டியில் கிழித்த துணியைக் கம்பியில் கோத்துக் குழலுக்குள் விடுவார். பித்தளைப் பிரஷ்ஷை அதிகம் போடமாட்டார், அழுக்கோடு சேர்ந்து வரியும் தேயும் என்று. தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. அதையும் தடவித் துடைத்துவிட வேண்டும், வழிய விட்டால் தூசியைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். ஞாயிறு காலையில் குழலில் மிச்சமிருக்கிற எண்ணெய் போவதற்காக முதல் ஐந்து தோட்டாவைத் துடைத்தவரே சுடுவது கிளப்பின் வழக்கம். துடைத்ததற்கு அதுதான் கூலி.

மறு வருஷம் கார்த்திகை மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மரப்பிடி ஈரத்தில் ஊறிப் பருத்து, இரும்புச் சட்டத்தில் சரியாக உட்காரவில்லை. திருகாணி பாதியிலேயே நின்றது. சிவப்பிரகாசம் அரத்தை எடுத்து உள்பக்கம் லேசாக ராவினார். அது பராமரிப்பு, அதில் ஒரு குற்றமும் இல்லை. ராவின கையோடு, கட்டை விரல் பக்கம் தனக்கு எப்போதும் உறுத்துகிற இடத்தையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். அடுத்த ஞாயிறு அந்த ஐந்து தோட்டாவும் கறுப்பு வட்டத்துக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. அவர் வாழ்க்கையில் அப்படி விழுந்ததே இல்லை.

அதற்கப்புறம் கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வாரமும் ஒரு அரிசி மணி அளவு. விரல் பதிகிற பள்ளங்களைத் தன் விரலுக்கு நீட்டினார். உள்ளங்கைப் பக்கம் மரத்தூளைப் பசையில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து, தன் அகலக் கைக்குத் தக்கபடி மேடாக்கினார். மேலே எண்ணெய் தடவினால் புதுசு பழசு தெரியாது. சுத்தமான வேலை. இரண்டாவது வாரமே அவருக்குத் தெரியும், இது பராமரிப்பு இல்லை என்று. தெரிந்தும் அரம் நிற்கவில்லை. கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்தால் இப்போது முன்குறி நடுவில் வந்து நின்றது. அந்தச் சுகத்தை விட அவருக்கு மனசு வரவில்லை.

தெய்வநாயகிக்கு அதே அளவுக்குக் கெட்டது. மேடான பிடியைச் சுற்றி அவள் விரல் விசைக்கு எட்டவில்லை, நுனிதான் தொட்டது. நுனியால் இழுத்தால் குழல் பக்கவாட்டில் போகும். அதைச் சரிக்கட்ட மணிக்கட்டைத் திருகினாள். திருகத் திருகக் கை நடுங்கியது. ஒரு ஞாயிறு அவள் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, பிடி இன்னாவோ மாறின மாரி கீதே?"

"மழைக்கு மரம் உப்பிக்கினு கீது டீச்சர். பழகிடும்" என்றார் சிவப்பிரகாசம்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பஸ் கம்பியையே துடைத்துப் பிடிக்கிற மனிதர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? அன்றிலிருந்து அவள் துப்பாக்கியைச் சந்தேகிக்கவில்லை, தன் கையைச் சந்தேகித்தாள். டீ குடிப்பதை விட்டாள். சொம்பில் மணலை நிரப்பி, விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதையெல்லாம் அவளே கொட்டகையில் வந்து சொல்வாள். சிவப்பிரகாசம் கேட்டுக்கொண்டு குழலைத் துடைப்பார். கேசவன் மட்டும் மனசில் பட்டதைப் போட்டு உடைப்பார்.

"பொம்பள கை இல்லையா, எத்தினி நாளைக்குத் தாங்கும்? வுடு, வயசாச்சுன்னா அப்டித்தான்."

தெய்வநாயகிக்கு அப்போது வயது இருபத்தேழு.

அப்போதெல்லாம் இந்தப் போட்டியில் ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று கிடையாது. துப்பாக்கி ஒன்று, தோட்டாவுக்கும் தட்டுப்பாடு என்பதால் மாநிலப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து ஒருவரைத்தான் அனுப்ப முடியும். எழுபத்தாறில் தேர்வு வைத்தார்கள். இரண்டு பேரும் ஒரே துப்பாக்கியால் சுட்டார்கள். பார்த்தவர்களுக்கு எல்லாம் நியாயமாகத்தான் தெரிந்தது. சிவப்பிரகாசம் ஜெயித்தார், மெட்ராஸ் போனார், மூன்றாவதாக வந்து வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார்.

கேசவன் வீட்டு மாடியில் பாராட்டு. சால்வை, ரோஜா மாலை, மிக்சர், காப்பி. தெய்வநாயகியைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்று, "எனக்கு வருத்தம் இல்ல. எங்கை ஒத்துழைக்கல. அண்ணன் உழைச்சாரு, அவருக்குக் கிடைச்சுது" என்று சொல்லிவிட்டுக் கை தட்டினாள். எல்லாரும் தட்டினார்கள். சிவப்பிரகாசத்துக்கு மாலைக்குள்ளிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. அடக்கமான மனிதர் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தோடு அவர் மிக்சரையும் சாப்பிட்டார், வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி சகுந்தலா அரிசி அளக்கப் போனவள் பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாங்க, மெடலை அரிசிக்குள்ள பொதைச்சு வச்சிக்கீறீங்க?"

"கடல் காத்து. வெளியில இருந்தா கறுத்துடும்" என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே அதைத் துடைத்துக் கூடத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். வருகிறவர் போகிறவரெல்லாம் அதைப் பார்த்தார்கள். சிவப்பிரகாசம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டார்.

தெய்வநாயகி கிளப்புக்கு வருவது நின்றுபோனது. சிவப்பிரகாசம் ஏன் என்று கேட்டபோது கேசவன் குரலைத் தாழ்த்தினார். "நரம்புத் தளர்ச்சியாம். டாக்டர் மாத்திரை குடுத்துக்கீறாரு. வெளிய சொல்லாதேன்னு கேட்டுக்கினா. வௌயாட்டு டீச்சருக்குக் கை நடுங்குதுன்னா வேல இன்னா ஆவறது?"

அங்கேயே, அப்போதே சிவப்பிரகாசம் கேசவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிடியைக் கழற்றிப் பசை பூசிய இடத்தை நகத்தால் சுரண்டியும் காட்டினார். கேசவன் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு வக்கீலாகிவிட்டார்.

"பிடிய இழைக்கக் கூடாதுன்னு எந்த விதியில கீது? கெடையாது. கிளப்புக்கு வந்த ஒரே மெடல்யா இது. வாய மூடிக்கினு போ."

சட்டத்தில் இடம் இருந்தது. சிவப்பிரகாசம் அதைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் தூங்கப் பார்த்தார். முடியவில்லை. தெய்வநாயகியிடம் வாயைத் திறக்கத் தைரியமும் இல்லை. தைரியமில்லாத நல்ல மனிதர்கள் செய்கிற காரியத்தை அவர் செய்தார், வேறொரு உபகாரம் பண்ணிப் பழசை மூடலாம் என்று கிளம்பினார்.

துப்பாக்கியின் சட்டத்தைப் போலவே ஒரு பலகைத் துண்டை அறுத்து, அதைச் சுற்றிப் பிசைந்த களிமண்ணை வைத்து, ஈரத்துணி சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் விட்ட பிறகு மைதானத்துக்குப் போனார். "உங்க கை அளவுக்கு ஒரு பிடி செஞ்சு பார்க்கலாம்னு தோணிச்சு டீச்சர். இத்த இறுக்கிப் பிடிங்க" என்றார். தெய்வநாயகி களிமண்ணைப் பிடித்தாள். கை நடுங்கியது. வெறும் களிமண்ணுக்கே நடுங்குகிறதே என்று அவர் பார்த்துக்கொண்டு நின்றார். நடுக்கம் கையிலிருந்து அவளுக்குள்ளேயே போய்விட்டிருந்தது.

"எனக்காக எதுக்குண்ணா இவ்ளோ செரமம்?" என்றாள் அவள், கண் கலங்கி.

இந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். மைதானத்தில் வேறு யாரும் இல்லை. களிமண் உலர்ந்துவிடும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்.

நன்றாகக் காய்ந்த பூவரசங்கட்டை ஒன்றை மரவாடியில் பார்த்து எடுத்து, ஒரு மாதம் ராவி இழைத்தார். அவள் விரல் இருந்த இடத்தில் விரல், உள்ளங்கை இருந்த இடத்தில் உள்ளங்கை. முடிந்ததும் பழைய பிடியைக் கழற்றினார், புதியதை மாட்டினார். ஒரே ஒரு திருகாணிதான். கழற்றிய பழைய பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே தனக்கென்று ஒரு பிடி செய்துகொண்டிருக்கலாம். அவள் சுடும்போது அவளுடையது, அவர் சுடும்போது அவருடையது, நடுவில் ஒரு திருகாணி. யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுடையதைக் கெடுக்காமலே தனக்கு வேண்டியது கிடைத்திருக்கும். அது தனக்கு ஏன் தோன்றவில்லை என்று யோசித்தார். கிடைத்த பதில் அவருக்கே அருவருப்பாக இருந்தது. அவளைத் தாண்ட வேண்டும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

தெய்வநாயகி புதுப் பிடியைப் பிடித்துக் கண்ணை மூடித் திறந்தாள். திறந்ததும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நடுக்கம் உடனே போகவில்லை. பொங்கல் தாண்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கோடையில் பழைய தெய்வநாயகி திரும்பி வந்துவிட்டாள். கிளப்பில் எல்லாரும் சிவப்பிரகாசத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். எழுபத்தேழில் மாநிலப் போட்டிக்கு அவள் போனாள். சிவப்பிரகாசம் தேர்வில் கலந்துகொள்ளவே இல்லை, அதையும் பெருந்தன்மை என்று எழுதிக்கொண்டார்கள். அவள் இரண்டாவதாக வந்தாள்.

மறுபடி கேசவன் வீட்டு மாடி. மறுபடி மிக்சர். தெய்வநாயகி தனக்குப் போட்ட சால்வையை எடுத்துச் சிவப்பிரகாசத்தின் தோளில் போட்டாள். "இந்தக் கை நான் பொறந்தப்ப கெடைச்சது இல்ல. அண்ணன் குடுத்தது" என்றாள். கேசவன் உரக்கக் கை தட்டினார், தட்டிக்கொண்டே சிவப்பிரகாசத்தை ஒரு பார்வை பார்த்தார். சிவப்பிரகாசத்துக்கு அந்தச் சால்வை உடம்பில் நெருப்பாகச் சுட்டது. அவளிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு நன்றியும் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. இதற்கு மேல் இழிவு இல்லை.

அடுத்த ஞாயிறு, எல்லாரும் இட்லிக்குப் போன பிறகு, கொட்டகையில் அவளை நிறுத்தினார். பையிலிருந்து பழைய பிடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இத்தப் பிடிச்சுப் பாருங்க டீச்சர்."

அவள் பிடித்தாள். விரல்கள் பள்ளத்தில் நீந்தின.

"இது யார் கைக்கு இருக்குது?" என்று கேட்டார்.

அவள் பிடியைத் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கைக்கு. நான்தான் செதுக்கினேன். வாரா வாரம். உங்களுக்கு நரம்பும் தளரல, ஒண்ணும் தளரல."

"மழைக்கு உப்பிச்சுன்னு சொன்னீங்களே."

"பொய்."

"தெரிஞ்சேவா சொன்னீங்க?"

"தெரிஞ்சேதான்."

தெய்வநாயகி பிடியை மேஜைமேல் வைத்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசியபோது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"எங்கக்காவுக்குப் போன வருச மழையிலதான் புள்ள பொறந்துச்சு. ஆறு வருசம் தவங்கெடந்து பொறந்த புள்ள. எங்கையில குடுக்க வந்தா. கை நடுங்குது, கீழ வுட்டுட்டா இன்னா பண்றதுன்னு நான் வாங்கிக்கல. கையைப் பொடவைக்குள்ள வச்சிக்கினேன். சொல்லவும் முடியல, சொன்னா ஊரெல்லாம் தெரிஞ்சு வேல பூடும். எம்புள்ள மேல மீன் நாத்தம் அடிக்குதுன்னு டீச்சரம்மா தொட மாட்டேன்றான்னு அக்கா நெனச்சிக்கினா. அப்புறம் எங்கிட்ட பேசவே இல்ல. கை சரியானதும் ஓடிப் போய்த் தூக்கினேன். என்னைத் தெரியல, அழுதுச்சு. அக்கா வந்து புடுங்கிக்கினா."

சிவப்பிரகாசம் பழைய பிடியை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

"நீங்க வந்து சொல்லுங்க" என்றாள் தெய்வநாயகி. "நான் சொன்னா சாக்குன்னுவா." அண்ணா என்று அவள் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகு எப்போதும் கூப்பிடவில்லை.

அன்றைக்கே மதுராந்தகம் போய், பஸ் மாறி, கடப்பாக்கத்தில் இறங்கினார்கள். வழியெல்லாம் அவள் முன்சீட்டில், அவர் பின்சீட்டில். பட்டப்பகல். குப்பத்துக் கரையில் அக்கா பூவாயி ஓலைப்பாயில் மீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெய்வநாயகி தள்ளியே நின்றுவிட்டாள். சிவப்பிரகாசம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுமணலில் போய் நின்று, தான் யார் என்று சொல்லி, பிடியை எடுத்துக் காட்டி ஆரம்பித்தார்.

பூவாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீ கட்டய செதுக்கினதுக்கும் அவ எம்புள்ளையத் தூக்காததுக்கும் இன்னாயா சம்பந்தம்?" என்றாள். வலை சீர் செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். பிடி கைக்குப் பொருந்தாவிட்டால் கை திருகும், திருகினால் நடுங்கும், நடுங்கினால் தன் கை கெட்டுவிட்டது என்று தோன்றும் என்று சொன்னார். கெட்டுவிட்டது என்று அவள் நம்பினாள், நம்பும்படி செய்தது நான் என்றார். கேட்டபோது மழைமேல் பழியைப் போட்டேன் என்றும் சொன்னார். பாராட்டு நடந்த மாடியில் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத பத்துப் பேர் காதுபடச் சொன்னார்.

"எதுக்கு அப்டி பண்ண?"

"நான் மொதல்ல வரணும்னு."

"வந்தியா?"

"மூணாவதா வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். பூவாயி சிரிக்கவில்லை. குடிசை நிழலில் அவள் பிள்ளை உட்கார்ந்து சிப்பிகளைக் கொட்டாங்கச்சியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து, யார் கையும் பிடிக்காமல் நாலு அடி நடந்து போய்த் தொப்பென்று உட்கார்ந்தது. தெய்வநாயகி நின்ற இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூவாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனுக்குப் புள்ளைங்க கீதா?"

"ரெண்டு."

"பொறந்தப்ப தூக்கினியா?"

சிவப்பிரகாசம் தலை நிமிரவில்லை.

"தூக்கினேன்" என்றார்.

"அவ தூக்கல" என்றாள் பூவாயி. மீனைப் புரட்டிப் போடக் குனிந்துகொண்டாள்.